பழைய கேஸ்

"திருடன்னு என் பேர்ல இருக்கிற பதிவை அழிக்காம இன்னைக்கு இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்," என்றார் ராஸ்கோ, வரிசையில் நின்றபடியே.

டெட்ராய்ட்டில் அந்தத் தேவாலயத்தின் கீழ்த்தளம் காலையிலேயே நிரம்பி வழிந்தது. பழைய குற்றங்களைப் பதிவிலிருந்து நீக்கும் சட்டத்தை அரசு விரிவாக்கியிருந்தது. இதுவரை தகுதி இல்லாதவர்களும் இனி மனுப் போடலாம். இலவசமாக உதவ வக்கீல்கள் வந்திருந்தார்கள்.

"மெதுவாப் பேசுங்க. எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் மனைவி டெல்ஃபின்.

"பாக்கட்டும்! பத்தொம்பது வயசுல கூட்டாளிங்களோட சேந்து ஒரு காரைக் கிளப்பிட்டுப் போனேன். ஜெயிலுக்குக்கூட அனுப்பாம, ரெண்டு வருஷம் ஒழுங்கா இருன்னு ஜட்ஜ் விட்டுட்டார். இந்த ஊர் விடலையே!"

உண்மைதான். கார் ஆலையில் வேலை இல்லை என்றார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டப் போனார். முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். நல்ல தெருவில் ஒரு வீடு வாடகைக்குக் கிடைக்கவில்லை. மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணையாகப் போகக்கூடப் பயந்து ஒதுங்கிக்கொண்டார்.

"ஒரு இடத்துலயாவது மறைச்சிருப்பேனா, டெல்ஃபின்? கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுவேன். நேர்மைக்குக் கிடைச்ச மரியாதை இது!"

"அதெல்லாம் வக்கீல்கிட்ட சொல்லுங்க. உங்களைத்தான் கூப்பிடுறாங்க."

வக்கீல் ஹாலோவே இளம்பெண். ராஸ்கோவின் பெயரைக் கணினியில் தட்டினாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடி தட்டினாள். பிறகு கோர்ட்டுக்குப் போன் போட்டு, நெடுநேரம் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ராஸ்கோவுக்குப் பொறுமை போய்விட்டது. "என்னம்மா, புதுச் சட்டத்துலயும் எனக்கு இடம் இல்லையா?"

"அது இல்ல சார். சின்ன வயசுன்னு ஜட்ஜ் உங்களுக்குச் சலுகை குடுத்திருக்கார். அந்த ரெண்டு வருஷம் முடிஞ்சதுமே கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. உங்க வக்கீல் சொல்லலையா?"

"தலையாட்டச் சொன்னார், ஆட்டினேன்."

"உங்க மேல எந்தக் குத்தமும் பதிவாகவே இல்ல. அழிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல, சார்."

ராஸ்கோ மேஜையில் ஓங்கி அடித்தார்.

"அப்போ இத்தனை வருஷமா எதைப் பாத்து என்னை விரட்டினாங்க?"

ஹாலோவே கண்களைத் தாழ்த்திக்கொண்டாள்.

"யாரும் எதையும் பாக்கல, சார். நீங்க சொன்னதைத்தான் கேட்டாங்க."