பதிவு முடியும்வரை

"மாமா, இன்னிக்கு எப்படியாவது அக்கா மடியில கொண்டுபோய் வெச்சிடுவேன்!"

செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். கதவைத் திறந்தவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையை மட்டும் ஆட்டி வழிவிட்டார்.

அவள் ஒலிப்பதிவுக்காரி. பழைய வாத்தியங்களின் ஒலியைக் கட்டை கட்டையாகப் பதிந்து, கம்ப்யூட்டரில் வாசிக்கும்படி செய்து தருவது அவள் தொழில்.

அந்த வீட்டு அக்கா ஒரு காலத்தில் மேடை மேடையாக ஆர்கன் வாசித்தவர். இப்போது படுத்த படுக்கை. கூடத்து ஆர்கன் அறை வாசலுக்குள் நுழையாது. நுழைந்தாலும் அதன் முன்னால் நிமிர்ந்து உட்கார அவருக்கு முதுகு இல்லை. விரல்கள் மட்டும்தான் மிச்சம்.

"படுத்துக்கிட்டே வாசிக்கிற மாதிரி என் ஆர்கனைச் சுருக்கிக் குடுப்பியாடி?" என்று போனில் கேட்டிருந்தார். "யாரு முதல்ல துருப்பிடிக்கிறதுன்னு எனக்கும் அதுக்கும் போட்டி. அப்புறம், நான் அக்கான்னா இவரு உனக்கு மாமா. அப்படியே கூப்பிடு, மனுஷன் குளிர்ந்துபோவாரு."

வேறு வேலைகள் குறுக்கிட்டு அவள் இரண்டு தடவை நாளைத் தள்ளிப்போட்டாள். "அதனால என்ன, நான் எங்க எழுந்து ஓடப்போறேன்" என்று அக்கா சிரித்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள். அந்தச் சிரிப்புதான் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

அறைக்கதவு சாத்தியிருந்தது. "தூங்குறா" என்றார் மாமா.

கூடத்தில் ஆர்கன் நின்றது. சிவப்பு மூடி, வளைந்த இரும்புக் கால்கள், வெள்ளை இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பும் கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையுமாகக் கட்டைகள். வயர் வழியாக எடுத்தால் சுத்தமாக வரும். ஆனால் அந்தக் கூடத்தில் அது பாடிய விதம்தான் அக்காவுக்கு வேண்டும். ஆகவே ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே மைக்கை நிறுத்தினாள்.

"முடியிற வரைக்கும் வீட்டுல ஒரு சத்தமும் வரக்கூடாது மாமா. யாரையும் வரவிடாதீங்க. போனையும் அணைச்சிடுங்க."

அவர் சொன்னபடி செய்தார். மின்விசிறியை நிறுத்தினார். ஃபிரிட்ஜை நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கம்பளியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார்.

கடவுளே, இன்று தெருவையும் கொஞ்சம் அடக்கி வை என்று வேண்டிக்கொண்டு அவள் ஹெட்போனை மாட்டினாள்.

ஓர் உறுமல் மிச்சமிருந்தது. அறைக்குள்ளிருந்து வந்தது.

"காத்து மெத்தையோட மோட்டாரு" என்றார் மாமா. "நிறுத்திடவா?"

"அக்காவுக்கு முதுகு வலிக்காதா?"

"இல்லம்மா. இன்னிக்கு வலி இல்ல."

உறுமல் நின்றது.

ஒரு கட்டையை அழுத்தினாள். ஒலி எழுந்து நின்றது. விட்டாள். விட்ட பிறகு வரும் மௌனத்தையும் சேர்த்துப் பதிந்தாள். அடுத்த கட்டை. பொத்தானை மாற்றினால் குரல் மாறும். ஒன்று புல்லாங்குழல்போல், ஒன்று மூக்கால் பாடும் குழந்தைபோல். மறுபடி முதல் கட்டையிலிருந்து.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அவளே நினைவுபடுத்தினாள். "கொஞ்ச நேரம் மோட்டாரைப் போடுங்க மாமா. புண் வந்துடப்போகுது." அவர் மறுபேச்சில்லாமல் எழுந்துபோய்ப் போட்டார். அவள் சைகை காட்டியதும் மறுபடி போய் நிறுத்தினார். ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை.

நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் அவர் துண்டைப் பந்தாகச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின.

இருமலை அடக்குகிறார் என்று நினைத்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியின் வேலைக்காக இவ்வளவு பொறுமையா! இப்படிப்பட்ட நாலு பேரால்தான் மழை பெய்கிறது என்று மனதுக்குள் அவரை வாழ்த்தினாள்.

கடைசிக் கட்டையும் முடிந்தபோது வெயில் சன்னலை விட்டு இறங்கியிருந்தது. மாமா தானாகவே போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தார்.

பதிந்ததையெல்லாம் சேர்த்து, சின்னக் கீபோர்டை இணைத்து ஒரு விரலால் தொட்டாள். கூடத்து ஆர்கன் வாய் மூடி நிற்க, அதன் குரல் லேப்டாப்பிலிருந்து வந்தது. அதே கரகரப்பு, அதே குழைவு.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டையும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டாள்.

"அக்காவை எழுப்புங்க மாமா!"

அவர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். பிறகு விலகினார்.

அறையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் கழுத்துவரை போர்வை. மெல்ல ஏறி, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல தூக்கம், எழுப்ப வேண்டுமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

மாமா குனிந்து மோட்டாரை அணைத்தார்.

போர்வை இறங்கியது. மறுபடி ஏறவில்லை.

"விடியக்காலையிலயே போயிட்டாம்மா" என்றார். "நீ அவ்வளவு ஆசையா வந்து நின்ன. லேட்டா வந்துட்டேன்னு உன்னை அழவெச்சுத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரல. இன்னும் யாருக்கும் சொல்லல."

அவள் கையிலிருந்த இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பதிவு முழுசா முடிஞ்சுதா?"

தலையாட்டினாள்.

"அப்ப," என்று மறுபடி வாய்க்குக் கொண்டுபோன துண்டை இறக்கிக்கொண்டே கேட்டார், "இனிமே சத்தம் வரலாமா?"