ஏழாவது மெஷின்

"பேப்பரைக் கிழிச்சுட்டீங்களா?"

எட்வின் போட்ட சத்தத்தில் ஷெட்டிலிருந்த தையல் மெஷின்கள் எல்லாம் நின்றன. மொத்தம் பன்னிரண்டு. ஏழாவது மெஷினுக்கு மட்டும் அன்று ஆள் வரவில்லை.

"அன்னைக்கே கிழிச்சுட்டேன் தம்பி" என்றாள் ஆவுடையம்மாள். "யார் கையிலயும் சிக்கப்படாதுன்னு நீங்கதான சொன்னீக?"

"பத்திரமா வைங்கன்னு சொன்னேன். கிழிக்கவா சொன்னேன்?"

ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவில் அருவிக்குப் போன இடத்தில் அவளுடைய போன் தண்ணீரோடு போய்விட்டது. போன் போனால் போகட்டும். இருபத்திரண்டு வருஷ வேலைக்கான சர்டிபிகேட்டைத் திறக்கிற சாவியும் அதோடு போய்விட்டது. இன்று பதினோரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தையல் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. ஆதாரம் கேட்பார்கள். அவள் வேலை பார்த்த கம்பெனியோ மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அதன் கம்ப்யூட்டர்கூட இன்று இல்லை.

இப்படி ஆகக் கூடாது என்றுதான் எட்வின் பெங்களூர் வேலையை உதறிவிட்டுச் சொந்த ஊர் ராஜபாளையத்துக்கு வந்ததே. ஒரே கம்பெனியின் கையில் சிக்காமல், ஆயிரம் கம்ப்யூட்டரில் பிரித்து வைக்கிற இன்டர்நெட். ஊர் ஊராகப் போய்ப் பேசினான்.

"இதுக்கு ஓனர் யாரு?" என்று கேட்பார்கள். "ஓனரே கிடையாது" என்பான் பெருமையாக. பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள்.

"சாவிய மறந்துட்டா யாருக்கு போன் போடணும்?"

"யாருக்கும் போட முடியாது."

மீதிப் பேரும் எழுந்துவிடுவார்கள்.

கடைசிவரை உட்கார்ந்து கேட்டது இந்தப் பன்னிரண்டு பெண்கள்தான். கம்பெனியை மூடியதும் ஆளுக்கொரு மெஷினை வாங்கிப் போட்டு, சொந்தமாக நைட்டி தைக்கிறவர்கள். அவர்களுடைய சர்டிபிகேட்டை எல்லாம் எட்வின்தான் அந்த இன்டர்நெட்டில் ஏற்றி வைத்தான்.

"பேங்கை நம்ப வேண்டாம், கம்பெனியை நம்ப வேண்டாம், கட்டின புருஷனைக்கூட நம்ப வேண்டாம். போன் தொலைஞ்சாலும் இந்தப் பேப்பர்ல இருக்கிற பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைதான் உங்க சாவி. யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று அன்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

"மனப்பாடமாவது பண்ணீங்களாக்கா?"

"எனக்கு இங்கிலீஷு எங்கிட்டு வருது? இவளுககிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

"யார்கிட்ட?"

"எல்லார்ட்டயுந்தான்."

எட்வின் தலையில் அடித்துக்கொண்டான். "விளங்கிடும்! ஊருக்கே சாவியைக் கொடுத்தாச்சு!"

"செத்த பொறுங்க தம்பி. ஆளுக்கு ஒரு வார்த்ததான் காட்டுனேன். எவளுக்கும் இன்னொருத்தி வார்த்த தெரியாது. பன்னெண்டாவது எங்கிட்ட இருக்கு."

"வரிசை மாறினா திறக்காதே?"

"நைட்டி எப்படி வருது? மொத மெஷின்ல தோளு, ரெண்டாவதுல கழுத்து, கடைசியா எங்கிட்ட வந்து மடிச்சுத் தையலு. வார்த்தையும் அந்த வரிசதான். ஒரே எடத்துல வைக்காம பிரிச்சு வைக்கணும்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீக?"

எட்வின் அவளுடைய புதுப் போனில் பன்னிரண்டு வார்த்தையையும் கேட்கிற இடத்தைத் திறந்து நீட்டினான்.

முதல் மெஷின் ஷெரின் எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். "நீங்க செவத்துப் பக்கம் திரும்பிக்கோங்கண்ணே."

"நானுமா?"

"யாரையும் நம்ப வேண்டாம்னு சொன்னீகள்ல?"

திரும்பி நின்றான். ஒவ்வொருத்தியாக வந்து, முந்தானையால் மறைத்து, தனக்குத் தெரிந்த அந்த ஒரு வார்த்தையை எழுத்துக்கூட்டி அடித்துவிட்டுப் போனாள். ஆறு வார்த்தை முடிந்தது.

ஏழாவது, அமிர்தவல்லி. மம்சாபுரத்தில் அவள் வீட்டில் இருக்கிறாள், காய்ச்சல். அதுகூடப் பரவாயில்லை. ஃபேனை யார் பக்கம் திருப்புவது என்ற சண்டையில் அவளுக்கும் ஆவுடையம்மாளுக்கும் நாலு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

ஷெரின்தான் போன் போட்டாள், ஸ்பீக்கரில்.

"எக்கா, ஆவுடையம்மாக்கா சர்டிபிகேட்டைத் திறக்கணுமாம். ஒங்க வார்த்த வேணும்."

மறுமுனையில் யார் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. பிறகு லைன் கட் ஆனது. திரும்பத் திரும்பப் போட்டும் எடுக்கவில்லை.

மணி ஒன்பதேகால்.

"பார்த்தீங்களா? இதுக்குத்தான் மனுஷங்களை நம்பாதீங்கன்னு சொன்னேன்" என்றான் எட்வின். அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வார்த்தையைச் சொன்னால் குறைந்தா போய்விடுவாள்?

ஆவுடையம்மாள் காலியாகக் கிடந்த ஏழாவது மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வருவா" என்றாள்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் ஆட்டோ நின்றது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அமிர்தவல்லி இறங்கினாள். ஆவுடையம்மாள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனை வாங்கினாள். எட்வினைச் சுவர்ப் பக்கம் திரும்பச் சொன்னாள். அடித்தாள்.

"லைனை ஏன்க்கா கட் பண்ணீங்க?" என்றான் எட்வின் சுவரைப் பார்த்தபடியே.

"ஸ்பீக்கர்ல போட்டுட்டுக் கேட்டா? இங்க ஷெட்டு நெறைய ஆளு, அங்க வீடு நெறைய ஆளு தம்பி. நம்பிக் குடுத்தத அம்புட்டுப் பேரு காதுலயும் போட முடியுமா? அவகூடத்தான் எனக்குச் சண்ட. அவ வார்த்தகூடயா சண்ட?"

மீதி ஐந்தும் மளமளவென்று முடிந்தன. கடைசி வார்த்தையை ஆவுடையம்மாள் அடித்ததும் சர்டிபிகேட் திறந்தது. இருபத்திரண்டு வருஷமும் ஒரு நாள் குறையாமல் அப்படியே இருந்தது. எத்தனையோ படித்தவர்கள் தலைசுற்றி விட்டுப் போன விஷயத்தை இவர்கள் நைட்டி தைக்கிற மாதிரி முடித்துவிட்டார்கள். தன் ஊர்க்காரிகள் என்று நினைத்தபோது எட்வினுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஆவுடையம்மாள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, ஃபேனை ஏழாவது மெஷின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

"காய்ச்சக்காரிக்குக் காத்து வைக்கா பாரு" என்று முணுமுணுத்த அமிர்தவல்லி, ஃபேனைத் திருப்பவில்லை. எட்வினைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆமா தம்பி, ஒங்க பன்னெண்டு வார்த்தைய எங்க வச்சிருக்கீக?"

எட்வின் தானாகவே மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுடைய பேப்பர் மதுரையில், ஒரு பேங்க் லாக்கரில் இருந்தது.