முதல் வீட்டுக் கோழி

"எங்க வீட்ல கோழியே கிடையாதும்மா. வேணும்னா அடுத்த தெருவுல போய்ப் பாருங்க."

கதவைப் பாதி திறந்து, மீதி இடத்தைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றார் வீட்டுக்காரர். எதிரே கால்நடை மருத்துவர். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, கண்ணாடி, முகமூடி. பின்னால் அதே கோலத்தில் இரண்டு ஊழியர்கள், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியோடு.

பறவைக் காய்ச்சல் பக்கத்துப் பண்ணைவரை வந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் ஒரு கோழி, ஒரு வாத்தைக்கூட மிச்சம் வைக்கக் கூடாது என்று உத்தரவு. தெருவில் இத்தனை வீடு இருக்க, வண்டி நேராக இந்த வாசலில்தான் வந்து நின்றது. மற்றவர்கள் எல்லாம் அவரவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அப்போ பின்பக்கம் இருக்கிற கூண்டு யாருக்கு சார்?"

"அது பழைய சாமான் போட்டு வைக்க."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "சாமானுக்குத் தாகம் எடுக்கும்னு ஒரு கிண்ணம் தண்ணியும் வச்சிருக்கார்."

வீட்டுக்காரர் அவளைப் பார்த்த பார்வையில் துணி பற்றிக்கொண்டிருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் மருத்துவரை உள்ளே விட்டார். சமையலறை, படுக்கையறை, மாடிப்படிக்குக் கீழே என்று எல்லா இடத்தையும் அவரே முந்திக்கொண்டு காட்டினார். குளியலறைக் கதவு மட்டும் பூட்டியிருந்தது. குழாய் உடைந்துவிட்டது, ஆள் வந்து சரி செய்யும்வரை திறக்க முடியாது என்று விளக்கம் சொன்னார்.

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளேயிருந்து கொக்கரிப்பு கிளம்பியது. முட்டை போட்ட சந்தோஷம். எஜமானர் எவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறார் என்று அதற்கு என்ன தெரியும்? தெருமுனைவரை கேட்கிற மாதிரி கொக்கரித்தது.

"குழாய் முட்டை போட்டிடுச்சு" என்றாள் மனைவி.

அதற்குமேல் பொய் செல்லாது என்று தெரிந்ததும் மனிதர் சட்டத்துக்குத் தாவினார். பண்ணைக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் வாய்க்கால் ஓடுகிறதே, அதைக் கணக்கில் எடுத்தார்களா? இந்தக் கோழி வாசலைத் தாண்டியதே இல்லை, தொற்று எந்த வழியாக வரும்? ரத்தம் எடுத்துச் சோதித்து, ஒன்றுமில்லை என்று முடிவு வந்தால் விடுவார்களா? எந்த விதி, எந்தப் பிரிவு என்பதுகூட அவர் நாக்கு நுனியில் இருந்தது. மருத்துவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, எல்லாவற்றுக்கும் தலையை இடமும் வலமும் ஆட்டினார். முகமூடிக்குள் சிரித்தாரா என்று தெரியவில்லை.

சட்டமும் தீர்ந்தது. குரல் இறங்கியது.

"பொண்ணு கல்யாணமாகிப் போனதுக்கப்புறம், என் வண்டிச் சத்தம் கேட்டா ஓடி வர்றது இந்த மகாராணி ஒண்ணுதாம்மா."

"நான் வந்தா அது திரும்பிக்கூடப் பாக்காது" என்றாள் மனைவி. ஆனால் இந்தத் தடவை கிண்டல் பாதியிலேயே நின்றுவிட்டது. மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

மருத்துவர் ஜன்னல் பக்கம் கை காட்டினார். "எதிர் வீட்டு அம்மா வாத்துகளைக் கூடைக்குள்ள வச்சுக்கிட்டு நிக்கிறாங்க சார். தெருவே உங்க வாசலைத்தான் பாக்குது. இங்க விட்டுட்டு அங்க போய் நாங்க எந்த முகத்தோட கேக்கறது?"

வீட்டுக்காரர் குளியலறையைத் திறந்து, அழுக்குத் துணிக் கூடைக்குள்ளிருந்து மகாராணியை எடுத்து, கக்கத்தில் அணைத்தபடி வந்தார். அது இன்னும் பெருமை குறையாமல் கழுத்தைத் திருப்பித் திருப்பி எல்லாரையும் பார்த்தது. அவரே பெட்டிக்குள் வைத்தார். வைத்த கையை எடுக்க மனசு வரவில்லை.

"வலிக்குமா?"

"வலிக்காது சார். நானே பக்கத்துல இருந்து பாத்துக்கறேன்." ஒரு நிமிடம் தயங்கி, "முட்டையும் வேணும் சார்" என்றார் மருத்துவர்.

வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து அதையும் எடுத்துக் கொடுத்தார். இன்னும் சூடு ஆறவில்லை. மூடியை அழுத்திச் சாத்தினார்கள். அந்தச் சத்தத்தில் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதாம்மா? இவ்வளவு கெஞ்சறேன், ஒரு பேச்சுக்காவது 'யோசிச்சுப் பாக்கறோம்'னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மருத்துவர் முகமூடியைச் சரி செய்துகொண்டார்.

"சொல்லலாம் சார். ஆனா, 'முதல் வீட்டுக்காரன் பொய் சொல்வான், சட்டம் பேசுவான், கடைசில கண் கலங்குவான், ஒண்ணையும் காதுல வாங்காதீங்க, அங்க எடுத்தாத்தான் மத்த வீட்ல கேக்க முடியும்'னு காலைல மீட்டிங்ல எங்க ஆபீசரா நீங்கதானே சார் சொல்லி அனுப்பினீங்க?"