ஆம்ப்ளிஃபயர்மேல் ஒரு சேலை

கார் டிக்கியைத் திறந்து சேலைமேல் கை வைத்தான்.

சில்லென்றிருந்தது.

இன்னொரு கையையும் வைத்துப் பார்த்தான்.

கத்தரிப்பூ நிறத்தில் பழைய நூல்சேலை. அவன் மனைவி ஜெசிந்தாவுடையது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்ட அன்று, திருச்சி விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கிய கையோடு, அவள்தான் அதை டிக்கியிலிருந்த ஆம்ப்ளிஃபயர்மேல் போர்த்திவிட்டாள். தூசி விழுந்தால் கெட்டுப்போய்விடுமாம். கட்டினவனைவிட அவன் பாட்டுப்பெட்டிமேல் அத்தனை அக்கறை மகராசிக்கு.

சேலையில் இருந்த அவள் வாசனை அந்த வருஷ மழைக்காலத்திலேயே போய்விட்டது.

ஆனால் பாட்டு ஓடி முடிந்தபின் தொட்டால் சூடாக இருக்கும். அப்போதுதான் அவிழ்த்துக் கொடியில் போட்டது மாதிரி.

அதற்காகவே பாட்டு வைத்தான். சவாரி இல்லாத மதியங்களில் வாடகைக் காரை மரத்தடியில் நிறுத்தி, சப்வூஃபர் அதிர அதிர வைத்தான். என்ன பாட்டு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சூடு தாங்காமல் ஆம்ப்ளிஃபயர் தானாகவே அணைந்துகொள்ளும். பாட்டு நின்றதும் ஓடிப்போய் டிக்கியைத் திறப்பான்.

ஆடியோ கடை காஜா பாய் எத்தனையோ தடவை திட்டிவிட்டார்.

"காத்துப் போற எடத்த மூடி வச்சா எரியாம என்னப்பா பண்ணும்? அந்தத் துணியத் தூக்கி எறி."

தலையாட்டிவிட்டு வந்துவிடுவான்.

போன வாரம் ஜெசிந்தா போனில் பேசினாள். அந்த வீட்டம்மா விட மாட்டேன் என்கிறாளாம். இன்னும் இரண்டு வருஷம்.

"அழுவாதீங்க" என்றாள்.

அழுதது அவள்தான்.

அன்றிலிருந்து அவன் சத்தத்தைக் குறைக்கவே இல்லை. நேற்று பாட்டு நின்றது. அதன்பின் என்ன செய்தும் பாடவில்லை.

காஜா பாய் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி முகர்ந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். பிறகு அலமாரியிலிருந்து சின்னதாக ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"புது மாடல். நாள் பூராப் பாடுனாலும் சூடே ஆவாது. தொட்டுப் பாரு, சில்லுனு இருக்கும்."

அவன் தொடவில்லை. மடித்த சேலை அவன் கக்கத்தில் இருந்தது.

"சூடாவுற மாதிரி பழசு எதுவும் கெடைக்குமா பாய்?"