மச்சம் தெரிகிற போன்

கவ்வாத்துக் கத்தி ஜூட்சனின் கழுத்தில் ஏற்கெனவே ஒரு கோடு கிழித்திருந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிய வெள்ளைச் சட்டையின் கொலர் சிவந்துகொண்டே வந்தது. தேயிலைச் செடியை ஒரே வீச்சில் வெட்டுகிற கத்தி அது. கழுத்து எம்மாத்திரம்.

கணேசமூர்த்தி அவனை தோட்டத்து லயத்து வீட்டுச் சுவரோடு சேர்த்து முழங்கையால் நெரித்தார்.

"கடைசியா கேக்குறேன். என் பொண்டாட்டிக்கு நான் அனுப்புன போனு உன் கைக்கு எப்படிடா வந்துச்சு?"

"மாத்திக்கிட்டோம்ண்ணே. அக்காதான் கேட்டாங்க. என்னோட பழைய போன அவங்க எடுத்துக்கிட்டு, இத எனக்குக் குடுத்துட்டாங்க."

மூக்கில் ஒரு குத்து விழுந்தது. பின்மண்டை சுவரில் மோதிய சத்தம் பக்கத்து வீட்டுக் காம்பராவரை கேட்டது.

"நல்ல போனக் குடுத்துட்டு ஓட்டப் போன வாங்கிக்குவாளா? கேக்குறவன் கேனையனா இருந்தா என்ன வேணும்னாலும் சொல்லுவியா?"

யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவர் மனைவி நாகலெட்சுமி அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அதே ஊரில்தான் ஜூட்சன் சாரதி வேலை பார்க்கிறான். போன தடவை அவன் லீவு முடிந்து கிளம்பும்போது கணேசமூர்த்தி அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

ஹட்டன் டவுன் போன் கடைக்காரர் நல்ல மனிதர். "மலிவு போன்லயும் பேசலாம், இதுலயும் பேசலாம். உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என்றுதான் சொன்னார். கணேசமூர்த்தி கேட்டால்தானே. வீடியோ கோலில் பெண்டாட்டியின் கன்னத்து மச்சம்கூடத் தெரிய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, கறவை மாட்டை விற்று, விலையான போனை வாங்கினார். மாரியம்மன் கோவிலில் வைத்து, அதற்குச் சந்தனப் பொட்டு இட்டு ஜூட்சனிடம் கொடுத்தார்.

போன் போய்ச் சேர்ந்தது. மச்சம்தான் தெரியவில்லை. கோலில் அவள் முகம் பனிக்குள் நிற்கிற ஆள் மாதிரி மங்கலாகவே இருந்தது. எடுத்ததும், "என் மூஞ்சி தெரியுதாங்க?" என்று கேட்பாள். இல்லை என்று சொன்ன பிறகுதான் நிம்மதியாகப் பேசத் தொடங்குவாள். முகத்தைப் பார்த்துப் பேசக் கூசுகிறவளைப் பற்றி லயம் என்ன பேசும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இன்று மத்தியானம், மறுபடி லீவில் வந்திருந்த ஜூட்சன் வாசலில் தன் பிள்ளையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மாதா கோவிலுக்குப் போகிறவனுடைய போனில், கமெராவைச் சுற்றிக் காய்ந்துபோன சந்தனம். கவ்வாத்து முடிந்து அந்த வழியாக வந்த கணேசமூர்த்தி அதைக் கண்டார். கத்தி கையிலேயே இருந்தது.

"சிசிலி, அந்தப் பக்கம் போ. உன் புருஷன வெட்டப் போறேன்."

பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த சிசிலி நகரவில்லை. காப்பாற்றவும் ஓடி வரவில்லை. "எனக்கும் பதில் தெரியணும்ண்ணே. மொதல்ல அவரு சொல்லட்டும்" என்றாள். வயிறு எரிந்தவள் வேறு எப்படிப் பேசுவாள்?

"மாதா மேல சத்தியமா தப்பு ஒண்ணும் இல்ல சிசிலி," என்றான் ஜூட்சன். வாயெல்லாம் இரத்தம்.

"அப்ப எதுக்குடா மாத்துனா?"

ஜூட்சன் தலையைக் குனிந்துகொண்டான்.

அது போதாதா? கணேசமூர்த்தி அவன் வயிற்றில் முழங்காலால் இடித்தார். மடங்கி விழுந்தவனின் விலாவில் மிதித்தார். ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. சிசிலியின் பிள்ளை வீறிட்டது.

"இன்னைக்கு உனக்கு. திரும்பி வரட்டும், அவளுக்கும் இதே கத்திதான்."

கத்தி உயர்ந்தது. அப்போதுதான் அவர் மகள் லோஜினி ஓடி வந்தாள். ஏ.எல். பரீட்சை எழுதப்போகிற பிள்ளை, டியூஷன் பையைக்கூடக் கழற்றவில்லை. குறுக்கே விழுந்து, இறங்கிய கத்தியை வெறுங்கையால் பிடித்தாள். உள்ளங்கை பிளந்தது.

"அம்மா அப்படிப்பட்டவங்க இல்லப்பா."

"கைய எடு. நீ சின்னப் புள்ள, உனக்கு ஒண்ணும் தெரியாது." பெற்ற மகளின் இரத்தத்தைப் பார்த்தும் அந்த மனிதருக்கு வெறி அடங்கவில்லை. அவளைக் காலால் ஒதுக்கித் தள்ளினார். அவள் ஜூட்சன் மேலேயே போய் விழுந்தாள்.

லோஜினியின் கையிலிருந்து இரத்தம் அவன் முகத்தில் சொட்டியது. இவ்வளவு நேரம் அடி வாங்கியும் அழாத ஜூட்சன் அப்போது விம்மி விம்மி அழுதான்.

"போதும்ண்ணே. புள்ளய அடிக்காதீங்க. இவ பரீட்சை முடியிற வரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அக்கா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. தெரிஞ்சா அடுத்த பிளேன்லயே வரச் சொல்லுவீங்களாம், இவ படிப்பு நின்னு போயிருமாம்."

"என்னடா தெரிஞ்சா?"

ஜூட்சன் வாசற்படியில் கிடந்த அந்த விலையான போனைப் பார்த்தான்.

"அந்த வீட்டு மேடம் அடிக்கிற காயமெல்லாம் இதுல தெளிவா தெரியுதாம்ண்ணே."