தினம் ஒரு வார்த்தை

"சீனு மாமா இன்னிக்கு வந்தா, இனிமே வரவேண்டாம்னு நானே சொல்லிடப் போறேம்மா."

வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சாவித்ரி, மருமகள் விஷ்ணுப்ரியாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பாவோட சின்ன வயசுக் கூட்டுக்காரராக்கும் அவர். மனசு நோகாதோ?"

"அப்பா மனசு தினமும் நோகறதே, அது பரவாயில்லையா?"

மாமனார் வெங்கடகிருஷ்ணன் காலேஜில் இங்கிலீஷ் புரொபசராக இருந்தவர். பக்கவாதம் வந்து, கைகால் ஓரளவு தேறியும் பேச்சு மட்டும் திரும்பவில்லை. கேட்பதெல்லாம் புரியும், வாய்தான் எழாது. "அவராக முயற்சி பண்ணினால் வரலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் யாரும் அவரைச் சிரமப்படுத்துவதில்லை. காப்பியா, ஹார்லிக்ஸா என்று இரண்டையும் காட்டுவார்கள். அவர் தலையாட்டினால் போதும்.

அப்படிப்பட்டவர் முன்னால் தினமும் வந்து உட்கார்ந்து இங்கிலீஷ் அளப்பார் சீனு மாமா என்கிற ஸ்ரீனிவாசன். தந்தி ஆபீசில் இருந்து ரிட்டையரானவர். சொல்வதில் ஒன்றுகூடச் சரியாக இருக்காது. மாமனாரின் முகம் சிவக்கும், உதடு துடிக்கும். வாய் திறந்து மறுக்க முடியாத மனுஷனிடமா இந்த ஜம்பம்?

வாசலில் குடையை மடக்கிச் சாத்திவிட்டு ஸ்ரீனிவாசன் உள்ளே வந்தார்.

"எடா வெங்கிட்டா, டாரண்ட்னு ஒரு வார்த்தை. அர்த்தம் தெரியுமோ? தேங்கி நிக்கற ஜலம்! மழை பேஞ்சா பழவங்காடி கோவில் வாசல்ல நிக்குமே, அதாக்கும்."

மாமனாரின் தலை இல்லை இல்லை என்று ஆடியது.

"என்னத்துக்கு ஆட்டறாய்? ரோட்டுல போடற தார் இருக்கோல்லியோ, இங்கிலீஷ்ல டார், அதிலேர்ந்து வந்தது. கறுப்பா, அசையாம நிக்கும்."

மாமனார் நாற்காலிக் கையைத் தட்டினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

விஷ்ணுப்ரியாவுக்குப் பொறுக்கவில்லை. "மாமா, போறும்!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"இத்தனை வருஷம் பசங்களுக்கு இதைத்தானேடா சொல்லிக் கொடுத்தாய்?"

"த... தப்பு!"

சாவித்ரி கத்தியும் கையுமாக ஓடிவந்தாள்.

"ஓ... ஓடற ஜலம். காட்டாறு." ஒவ்வொரு சொல்லையும் பிடுங்கி எடுப்பதுபோல் மாமனார் பேசினார். "லத்தீன்... எரியறது. கொதிக்கறது."

"நெருப்பிலேர்ந்து ஜலமா? பேத்தாதேடா."

"வெள்ளம்... கொதிச்சிண்டு... வரும். மண்டு! மண்டு!"

"யாரு மண்டுன்னு டிக்‌ஷ்னரி சொல்லட்டும். நாளைக்கு வரேன்."

ஸ்ரீனிவாசன் யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து வெளியே போனார். உள்ளே சாவித்ரி, "இன்னொரு தரம் சொல்லுங்கோ, என்னை மண்டுன்னு சொல்லுங்கோ" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

குடை வாசலிலேயே இருந்தது. விஷ்ணுப்ரியா அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். நாலு வீடு தள்ளி, தூறலில் நனைந்தபடி ஸ்ரீனிவாசன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அவளுக்கு நன்றி சொல்லவும் தோன்றியது. கோபமும் முழுசாக ஆறவில்லை.

"உங்க தப்பு இன்னிக்கு நல்லதாப் போச்சு, மாமா. ஆனாலும் இனிமே டிக்‌ஷ்னரியைப் பாத்துட்டு வாங்கோ."

"பாக்காம வருவேனா?" குடையை வாங்கி விரித்தார். "சரியான அர்த்தம் அதுல உடனே கிடைச்சுடறதும்மா. அவனுக்குக் கோபம் வர்ற மாதிரி ஒரு தப்பைக் கண்டுபிடிக்கத்தான் பாதி ராத்திரி போயிடறது."