முதுகு பெல்ட்

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவைச் சொல்லிவிடும் டெய்லருக்கு, மனைவி முதுகில் மாட்டியிருந்த பெல்ட் மட்டும் இரண்டு மாதமாகக் கண்ணை உறுத்தியது.

கழுத்துவலிக்கென்று போனவள், இப்போது தினமும் சுவரில் முதுகை ஒட்டி நின்று பயிற்சி செய்கிறாள். சொல்லித் தருகிற பிசியோதெரபிஸ்டோ ஆறடி உயரம், ராஜா மாதிரி இருக்கிறான்.

"நல்லா நிமிர்ந்துட்டீங்கன்னு இன்னிக்கு சார் பாராட்டினாருங்க."

டெய்லர் தையல் மெஷினை அப்படியே நிறுத்தினார்.

"இருபது வருஷமா குனிஞ்ச தலை நிமிராம இருந்தவ! இப்ப யாருக்காகடி நிமிர்றே?"

அவள் அவர் கையைப் பிடித்து எழுப்பி, கடையின் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து நேராக நின்றாள்.

டெய்லரின் உச்சந்தலை அவள் காதுவரைக்கும்தான் வந்தது.

"கல்யாண போட்டோ எடுக்கறப்ப, 'கொஞ்சம் குனிஞ்சு நில்லும்மா, என் பிள்ளை குட்டையாத் தெரியறான்'னு உங்கம்மா காதோட சொன்னாங்க. அன்னிக்குக் குனிஞ்சவதான்."

கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்தாள்.

"நிமிர்றது யாருக்காகவும் இல்லீங்க. குனிஞ்சதுதான் உங்களுக்காக."